வீடு மாறும்போது சாமான்களுக்குக் காப்பீடு: சேலத்துக்குள் ஒன்று, ஏற்காட்டு மலைப்பாதைக்கு வேறொன்று

அம்மாப்பேட்டையிலிருந்து அழகாபுரத்துக்கு வீடு மாற்றுகிறவருக்கும், ஃபேர்லாண்ட்ஸிலிருந்து ஏற்காட்டுக்குக் குடிபோகிறவருக்கும், பெங்களூரில் வேலையை முடித்துக்கொண்டு சேலத்துக்கே திரும்புகிறவருக்கும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனங்கள் தரும் விலைப்பட்டியலின் கடைசியில் பெரும்பாலும் ஒரே மாதிரியான வரி ஒன்று இருக்கும்: ‘இன்சூரன்ஸ் தனி’. அந்த வரிக்குப் பின்னால் இருப்பது முறையான காப்பீடாகவும் இருக்கலாம், நிறுவனமே எழுதிக்கொடுக்கும் வாக்குறுதியாகவும் இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே பணம் கட்டுவதற்கு முன், சாமான்களைக் காப்பதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

வழிகள் நான்கு. காப்பீடே எடுக்காமல், பொருள்களை நன்றாகக் கட்டி, விலையுயர்ந்தவற்றைக் கையோடு கொண்டுபோவது முதல் வழி. சாமான் ஏற்றும் நிறுவனம் கேட்கும் ‘ரிஸ்க்’ கட்டணத்தைக் கட்டுவது இரண்டாவது. காப்பீட்டு நிறுவனத்திடம் நேரடியாகச் சென்று, அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் டிரான்ஸிட் பாலிசி எடுப்பது மூன்றாவது. வழியில் நேர்வதைப் பற்றிக் கவலைப்படாமல், புதிய வீட்டில் ஆண்டு முழுவதும் இருக்கப்போகும் பொருள்களுக்கு வீட்டுக் காப்பீடு எடுப்பது நான்காவது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேலம் நகருக்குள்ளேயே மாறுகிறவர் நான்காவது வழிக்குப் பணத்தை ஒதுக்குவதே லாபம்; மலைக்கோ வெளியூருக்கோ போகிறவர் மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்தே எடுக்க வேண்டும்; இரண்டாவது வழி, உங்கள் பெயரும் பயண விவரமும் அச்சிட்ட காப்பீட்டுச் சான்று கைக்கு வந்தால் மட்டுமே பரிசீலிக்கத் தக்கது.

இந்த நான்கையும் ஒரே தட்டில் வைத்து எது மலிவு என்று பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய வீடு, வழி, புதிய வீடு என்று மூன்று இடங்களில் சாமான்கள் இருக்கும் காலத்தைத் தனித்தனியாகப் பார்த்தால், எந்தப் பாலிசியும் மூன்றையும் முழுதாகத் தழுவுவதில்லை என்பது தெரியும். நம் ஊர் வழக்கம் இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறது. ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று ஆனிக் கடைசியில் ஒரு நல்ல நாளில் சாமி படம், உப்பு, மஞ்சள், அரிசி ஆகியவற்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கூடவே பீரோவையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் இறக்கிப் பூட்டி வந்துவிடுகிறோம். குடும்பமோ பிள்ளைகளின் பள்ளித் தேர்வோ வேறு வேலையோ முடியும் வரை பழைய வீட்டிலேயே இருக்கிறது. அந்த நாட்களில் புதிய வீட்டில் பொருள் இருக்கும், ஆள் இருக்காது. டிரான்ஸிட் பாலிசி இறக்கியதோடு முடிந்திருக்கும். வீட்டுக் காப்பீடு இருந்தாலும் அதில் பழைய முகவரிதான் இருக்கும். என் பார்வையில், சாலையில் லாரி கவிழ்வதைவிட இந்தப் பூட்டிய வீடுதான் நகருக்குள் மாறுகிறவர்களுக்குப் பெரிய ஆபத்து.

வண்டிக்காரரின் பொறுப்பு எதுவரை

காப்பீடு வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள் சொல்லும் காரணம், ‘வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே’ என்பது. வண்டியின் மோட்டார் பாலிசி வண்டிக்கு நேரும் சேதத்தையும், விபத்தில் பாதிக்கப்படும் மூன்றாம் நபர்களையும் பார்த்துக்கொள்ளும். வண்டியில் ஏற்றிய உங்கள் கட்டிலையும் ஃபிரிட்ஜையும் அது பார்க்காது. இதோடு தொடர்புடைய மற்றொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ பயணம் செய்து காயமடைந்தால் அதற்குக் கட்டாயக் காப்பீட்டில் இடம் உண்டு. குட்டியானையின் பின்புறம் மெத்தைமேல் உட்கார்ந்து வரும் பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் அந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது. டிரைவர் பக்கத்தில் ஒருவர் மட்டும் அமர்ந்து, மற்றவர்கள் பஸ்ஸிலோ காரிலோ வருவதே சரி.

சரக்கு ஏற்றிச்செல்வதைத் தொழிலாக நடத்தி, ரசீது போட்டுத் தரும் நிறுவனங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 1865-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இல் நிறைவேறி, 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ, ஏற்றிச்சென்றவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை என்பது அந்தச் சட்டத்தில் நமக்குச் சாதகமான பகுதி. ஆனால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இருக்கிறது: கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் கட்டணம் தருவதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, கட்டிய வண்டி வாடகையின் பத்து மடங்குக்கு மேல் கேட்க முடியாது, அதிலும் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டவும் முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். நகருக்குள் ஒரு நடைக்கு 4,500 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், உச்சவரம்பு 45,000 ரூபாய். ஒரு நல்ல தொலைக்காட்சியும் தேக்குக் கட்டிலும் சேர்ந்தாலே அந்தத் தொகை தீர்ந்துவிடும். பெங்களூரிலிருந்து 22,000 ரூபாய் வாடகையில் முழு வீட்டையும் கொண்டுவந்தால் வரம்பு 2,20,000 ரூபாய். இது ஓரளவு கௌரவமான தொகை. வாடகை குறையக் குறையப் பாதுகாப்பும் குறைகிறது என்பதால், பேரம் பேசி 500 ரூபாய் குறைப்பவர் தன் இழப்பீட்டு வரம்பில் 5,000 ரூபாயையும் சேர்த்தே குறைத்துக்கொள்கிறார். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை அழைத்து, ரசீது எதுவும் இல்லாமல், கைபேசியில் பணம் அனுப்பி முடித்துவிட்டால், இந்தச் சட்டத்தைக் காட்டி வாதாடுவதற்கே ஆதாரம் இருக்காது.

வழக்குப் போடுவதற்கு முன் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பதும், அது சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் சென்றிருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் நிபந்தனைகள். ‘அடுத்த வாரம் பார்க்கலாம் சார், மேனேஜர் ஊரில் இல்லை’ என்று சொல்லிக்கொண்டே நாளைக் கடத்தினால் யாருக்கு நன்மை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

‘ரிஸ்க்’ கட்டணம்

சாமான் ஏற்றும் நிறுவனங்கள் அறிவித்த மதிப்பில் 3 சதவீதம் வரை ரிஸ்க் கட்டணம் கேட்பது வழக்கமாக இருக்கிறது. 5 லட்ச ரூபாய்ச் சாமான்களுக்கு அது 15,000 ரூபாய். இந்தப் பணம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமையும். சில நிறுவனங்கள் ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம், பல பயணங்களுக்கும் சேர்த்து எடுக்கும் திறந்த பாலிசி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பயணத்துக்கும் வாடிக்கையாளர் பெயரில் சான்று வாங்கித் தருகின்றன. இது முறையான ஏற்பாடு. வேறு சில, பணத்தை வாங்கிக்கொண்டு, ஏதாவது உடைந்தால் தாங்களே ஈடு செய்வதாக ரசீதில் எழுதிக்கொடுக்கின்றன. இது ஒரு வணிக ஒப்பந்தம், அவ்வளவுதான். அந்த ரசீதைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் பொடி எழுத்தில், சாமான்கள் உரிமையாளர் பொறுப்பிலேயே எடுத்துச் செல்லப்படுகின்றன என்ற வரியும் சில சமயம் இருக்கும். முன்பக்கம் தருவதைப் பின்பக்கம் பிடுங்கிக்கொள்ளும் ரசீதுக்கு யாரும் 15,000 ரூபாய் கொடுக்கலாகாது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, தகராறு வரும்போது இன்னும் கூர்மையாகத் தெரியும். முறையான பாலிசி இருந்தால், காப்பீட்டு நிறுவனம் க்ளெய்மை (இழப்பீட்டுக் கோரிக்கையை) மறுத்தாலும் இழுத்தடித்தாலும், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடமும், பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலும், அதற்கும் மேல் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அந்த அலுவலகத்தில் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு உத்தரவிட அதிகாரம் உண்டு. நிறுவனத்தின் சொந்த வாக்குறுதியை நம்பியவருக்கு இந்தக் கதவு எதுவும் திறக்காது. அவர் நுகர்வோர் ஆணையத்துக்கோ உரிமையியல் நீதிமன்றத்துக்கோதான் போக வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், நிறுவனம் வெளியூரில் இருந்தாலும் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம் என்பது ஓர் ஆறுதல்.

டிரான்ஸிட் பாலிசி: ‘ஏ’யா, ‘பி’யா

காப்பீட்டு நிறுவனத்திடம் நேரடியாக எடுப்பது என்று முடிவு செய்தவர், கிளை அலுவலகத்தில் ‘மரைன்’ எனப்படும் கடல்வழிச் சரக்குப் பிரிவைக் கேட்க வேண்டும். லாரியில் தரைவழியாகப் போகும் சரக்கும் அந்தப் பிரிவின் கீழ்தான் வருகிறது. பொதுத்துறையில் நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என நான்கு நிறுவனங்களும், தனியார் துறையில் பலவும் இந்த வகைக் காப்பீட்டை வைத்திருக்கின்றன. ஒரே ஒரு குடும்பத்தின் பழைய சாமான்கள் என்றால் எல்லாக் கிளைகளும் ஆர்வம் காட்டுவதில்லை. ஆகையால் வண்டி ஏற்றும் நாளுக்கு முந்தைய மாலையில் போய் நிற்காமல், இரண்டு வாரத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

உள்நாட்டுப் பயணத்துக்கான நிபந்தனைகள் ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று மூன்று தரமாக இருக்கின்றன. ‘சி’ தீயையும் மின்னலையும் மட்டும் பார்க்கிறது. வீட்டுச் சாமான்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ‘பி’ என்பது தீ, மின்னல் இவற்றோடு பாலம் இடிதல், வண்டி மோதுதல், வண்டி கவிழ்தல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. அதாவது, முழுச் சாமானும் ஒரேயடியாக நாசமாகும் பேராபத்துகளுக்கு ‘பி’ போதும். ஆனால் நடைமுறையில் வீடு மாறும்போது நேரும் நூற்றுக்குத் தொண்ணூறு சங்கடங்கள் அப்படிப்பட்டவை அல்ல: வேகத்தடையில் வண்டி குதித்துக் கண்ணாடி உடைவது, தார்ப்பாய் இடுக்கில் மழை இறங்கி மெத்தை ஊறுவது, வழியில் ஒரு பெட்டி காணாமற்போவது, கயிறு கட்டி இரண்டாம் மாடியிலிருந்து இறக்கும் ஃபிரிட்ஜ் சுவரில் இடிப்பது. இவற்றுக்கு ‘ஏ’தான் வேண்டும். விலக்கப்பட்டவை தவிர மற்ற எல்லா இடர்களையும் அது ஏற்றுக்கொள்கிறது.

விலக்குகளில்தான் கவனம் இருக்க வேண்டும். பொருளைச் சரியாகக் கட்டாததால் வந்த சேதம், பொருளின் சொந்தக் குறையால் வந்த சேதம், காலதாமதத்தால் வந்த இழப்பு, வழக்கமான தேய்மானம் ஆகியவை எந்தத் தரத்திலும் கிடையாது. பயன்படுத்திய வீட்டுச் சாமான்கள் என்றால், சிராய்ப்பு, நசுங்கல், வெளியே காயம் தெரியாமல் உள்ளே மின்கோளாறு ஏற்படுவது ஆகியவற்றையும் பெரும்பாலும் சேர்த்து விலக்கிவிடுவார்கள். ‘வண்டியில் ஏற்றும்போது ஓடியது, இறக்கிய பிறகு ஓடவில்லை’ என்ற டிவிக்கு இழப்பீடு கிடைப்பது அரிது. நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்த பீங்கானுக்கும் அதே நிலைமைதான். ரொக்கம், நகை, பத்திரங்கள் ஆகியவை பொதுவாகவே வெளியே நிற்கும். பாதுகாப்பு எப்போது தொடங்குகிறது என்பதையும் பாலிசியில் பார்த்துக்கொள்ள வேண்டும்: வாசலைத் தாண்டியதும் தொடங்குவது ஒன்று, வண்டியில் ஏற்றியதும் தொடங்குவது மற்றொன்று. குறுகலான படிக்கட்டு உள்ள மாடி வீட்டுக்காரருக்கு இந்தச் சின்ன வேறுபாடு பீரோவின் விலை பெறும்.

முடிவும் அப்படியே. சேருமிடத்தில் ஒப்படைத்ததோடு, அல்லது சாலைவழிப் பயணத்தில் வண்டி அந்த ஊரை அடைந்து 7 நாள் ஆனதோடு, இரண்டில் எது முந்துகிறதோ அதோடு பாதுகாப்பு முடிகிறது என்பதே வழக்கமான நிபந்தனை. நல்ல நாள் வரும் வரை சாமான்களை மூவர்ஸ் நிறுவனத்தின் கோடவுனில் வைத்திருக்கச் சொன்னால், அது இயல்பான பயணத்தின் பகுதியாகக் கருதப்படாது. ஆடி முழுவதும் கோடவுனில் கிடந்த சாமான் ஆவணியில் நனைந்து வந்தால், டிரான்ஸிட் பாலிசியைக் காட்டிப் பயனில்லை. அப்படி வைக்க நேருமானால் கிடங்குக் காலத்துக்குத் தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

மலைப்பாதைக்கு வேறு கணக்கு

ஏற்காட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்த ஒப்பீடு சமவெளிக் கணக்கில் அடங்காது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்குச் சேலத்து அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் சரக்கு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடுத்த வளைவில் மறுபக்கம் சாய்கிறது. சரியாக முட்டுக்கொடுக்காத பீரோ, கண்ணாடி ஷோகேஸின்மேல் சாய்வதற்கு விபத்து எதுவும் தேவையில்லை. இப்படி வண்டிக்கு ஒன்றும் ஆகாமல், உள்ளே மட்டும் உடையும் இழப்பை ‘பி’ ஏற்காது. மழைக்காலத்தில் மண்சரிவும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெய்த மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை இந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது குப்பனூர் வழியாகச் சுற்றிப் போவதா, அடிவாரத்தில் காத்திருப்பதா என்று டிரைவர்தான் முடிவெடுக்க நேரும். காத்திருந்த நேரத்தில் நனைந்த சாமானுக்கு ‘ஏ’ பாலிசியில் கேட்க வழியுண்டு, ‘பி’யில் இல்லை. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் மலையேறுகிறவருக்கு ‘ஏ’ தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மலைக்குப் போகும் பாலிசியில் இன்னும் இரண்டு விவரங்கள் சரியாக இருக்க வேண்டும். சேருமிடம் ‘சேலம்’ என்று பொதுவாக எழுதப்பட்டிருந்தால், அடிவாரத்துக்கு மேல் நடப்பது எதற்கும் அந்தப் பாலிசி பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘ஏற்காடு’ என்றும், நாகலூர், மஞ்சக்குட்டை போன்ற ஊர்ப் பெயர் இருந்தால் அதையும் குறிக்கச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து பெரிய லாரியில் வரும் சாமானைச் சேலத்தில் சிறிய வண்டிக்கு மாற்றி ஏற்றுவதாக இருந்தாலும், எஸ்டேட் சாலையில் கடைசித் தூரத்தை ஜீப்பில் கடப்பதாக இருந்தாலும், அந்த வண்டி மாற்றத்தை முன்கூட்டியே தெரிவித்துப் பாலிசியில் ஏற்றிவிடுவது பாதுகாப்பானது. பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கும் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். அவர்களுக்குக் குறைந்தபட்சம் ‘பி’யாவது வேண்டும்; சாமான்கள் புதியவையாக இருந்தால் ‘ஏ’ எடுப்பதே மேல்.

புதிய வீட்டில் ஆண்டு முழுவதும்

வழியில் சில மணி நேரம் இருக்கும் பொருள், புதிய வீட்டில் ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகிறது. அந்தக் காலத்துக்கான ஏற்பாடுகளில் முதலில் பார்க்க வேண்டியது, 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே நிபந்தனைகளுடன் விற்கும்படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி. தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், மண்சரிவு, மரமோ வண்டியோ வந்து மோதுவது, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைவது ஆகியவை இதில் அடங்கும். சொந்த வீட்டுக்காரர் கட்டிடத்துக்கு எடுத்தால், வேண்டாமென்று விலக்காத வரையில், உள்ளே இருக்கும் பொதுவான பொருள்களுக்குக் கட்டிடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்ச ரூபாய், தானாகவே சேர்ந்துவிடும். 900 சதுர அடிக் கார்ப்பெட் பரப்புக்குச் (சுவர்களுக்கு உள்ளே இருக்கும் தரைப் பரப்புக்கு) சதுர அடிக்கு 2,000 ரூபாய் கட்டுமானச் செலவு என்று கொண்டால், கட்டிடத்துக்கு 18 லட்சம், பொருள்களுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். வாடகைக்கோ போக்கியத்துக்கோ குடியிருப்பவர் கட்டிடத்தை விட்டுவிட்டுப் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். வீட்டுக் கடன் வாங்கியவர்கள் வங்கி ஏற்கெனவே எடுத்துவைத்திருக்கும் பாலிசியின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் பொருள்கள் அடங்குகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பிறகு புதிதாக எடுப்பது நல்லது. ஒரே பொருளுக்கு இரண்டு இடத்தில் பிரீமியம் கட்டுவதில் பயனில்லை.

டிரான்ஸிட் பாலிசியோடு இதை ஒப்பிட்டால், மூன்று இடங்களில் இது மேலானது. பொருள் முழுதும் அழிந்துபோனால் அதேபோன்ற புதிய பொருளை வாங்கும் செலவை இது கணக்கிடுகிறது. டிரான்ஸிட்டில் பழைய சாமான்களுக்குப் பெரும்பாலும் தேய்மானம் கழித்த மதிப்புதான் கிடைக்கும். எட்டு வயதான துணி துவைக்கும் இயந்திரத்துக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. இரண்டாவது, பொருள்களின் மதிப்பைக் குறைத்துச் சொல்லிவிட்டீர்கள் என்று சொல்லி விகிதாசாரமாகத் தொகையைக் குறைக்கும் வழக்கம் இதில் இல்லை. மற்றப் பல பாலிசிகளில், 6 லட்ச ரூபாய்ப் பொருளை 3 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, 1 லட்ச ரூபாய் இழப்பு வந்தால், கைக்கு வருவது 50,000 ரூபாய்தான். மூன்றாவது, 10 ஆண்டு வரை சேர்த்து எடுக்கலாம் என்பதால் ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்கும் தொல்லை இல்லை.

குறைகளும் கனமானவையே. சாதாரணக் களவு இதில் இல்லை: தீயோ வெள்ளமோ போன்ற நிகழ்வு ஒன்று நடந்து, அதன் காரணமாக 7 நாட்களுக்குள் திருட்டுப் போனால் மட்டுமே இழப்பீடு உண்டு. பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனியாகக் களவுக் காப்பீட்டைச் சேர்க்க வேண்டும், அல்லது தீ, களவு, மின்சாதனப் பழுது எல்லாவற்றையும் பிரிவு பிரிவாகக் கட்டித் தரும் ‘ஹவுஸ்ஹோல்டர்ஸ்’ பாலிசியை எடுக்க வேண்டும். களவுப் பிரிவில், வீடு தொடர்ந்து சில நாட்கள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் பாதுகாப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை இருக்கக்கூடும். அது எத்தனை நாள் என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. பால் காய்ச்சிப் பூட்டிவைக்கும் நகரத்து வீட்டுக்கும், வார இறுதியில் மட்டும் திறக்கும் ஏற்காட்டு வீட்டுக்கும் இந்த ஒரு நிபந்தனையே முடிவைத் தீர்மானிக்கும். மேலும், வீட்டை விட்டு வேறிடத்துக்கு எடுத்துச் சென்ற பொருளுக்குப் ‘பாரத் கிருஹ ரக்ஷா’வில் இடமில்லை. ஆகவே வழிப்பயணத்துக்கு இதை நம்ப முடியாது.

மலையில் இந்தப் பாலிசியின் பயன் சமவெளியைவிடக் கூடுதல் என்றே சொல்வேன். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரம் காற்றில் முறிந்து கூரைமேல் விழுந்து உள்ளே இருந்த பொருள்கள் நொறுங்குவதும், பின்புறத்து மண்மேடு சரிந்து சமையலறைக்குள் வருவதும் நேரடியாக இதில் அடங்கும் நிகழ்வுகள். அதே மலையில், பனியிலும் ஈரத்திலும் மெத்தையிலும் புத்தகத்திலும் பூஞ்சை பூப்பது மெல்ல நேரும் கெடுதல். அதற்கு எந்தப் பாலிசியும் கிடையாது.

நகை, வெள்ளி

கொலுசுக்குப் பேர்போன ஊரில் வெள்ளிப் பாத்திரமும் நகையும் இல்லாத வீடு குறைவு. இவற்றை லாரியில் ஏற்றுவதைப் பற்றி ஒப்பிடவே வேண்டியதில்லை. எந்த டிரான்ஸிட் பாலிசியையும் நம்பி ஏற்றக் கூடாது. ‘பாரத் கிருஹ ரக்ஷா’வில் விலையுயர்ந்த பொருள்களுக்கென விருப்பப் பிரிவு ஒன்று உண்டு, மொத்தம் 5 லட்சமும், ஒரு பொருளுக்கு 1 லட்சமும் தாண்டாத வரையில் மதிப்பீட்டுச் சான்று கேட்க மாட்டார்கள். வீடு மாறும் வாரத்தில் வங்கிப் பெட்டகத்தில் வைப்பவர்கள், தீ, திருட்டு, கட்டிடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான் என்று ரிசர்வ் வங்கி வகுத்திருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆண்டு வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம் ரூபாய்.

பட்டியலும் ஒப்படைப்பும்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், க்ளெய்ம் நிற்பதும் விழுவதும் பட்டியலைப் பொறுத்தே. ‘அட்டைப் பெட்டி 14, பீரோ 1, ஃபிரிட்ஜ் 1’ என்று மூவர்ஸ் ஆள் கிறுக்கித் தரும் தாள், சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயருக்கு எதையும் சொல்லாது. ‘இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ், 2021-இல் வாங்கியது, பில் உண்டு, வரிசை எண் பின்புறம், இடப்பக்கக் கீழ் மூலையில் பழைய நசுங்கல், இன்றைய மதிப்பு 18,000’ என்று எழுதிய ஒரு வரி, பிறகு நடக்கப்போகும் அரைமணி நேர வாக்குவாதத்தை முன்கூட்டியே முடித்துவிடும். பழைய நசுங்கலை மறைக்காமல் எழுதுவதால் நமக்கு நட்டம் எதுவும் இல்லை. புதிய நசுங்கலை நம்பவைப்பதே அந்த வரிதான். கட்டுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, பெட்டிக்கு எண் போட்டு, எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று ஒரு பிரதி வைத்துக்கொண்டால் போதும்.

இறக்கும்போது ஆட்கள் கூலிக்கும் டிரைவர் கையெழுத்துக்கும் அவசரப்படுத்துவார்கள். பெட்டிகளை எண்ணி, வெளியே தெரியும் சேதத்தை டெலிவரி நகலிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திட வேண்டும். பெட்டிகளைப் பிரித்துப் பார்க்க நேரமில்லை என்றால், ‘உள்ளே சரிபார்க்கப்படவில்லை’ என்றாவது எழுதலாம். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கொடுத்த தாள், பின்னால் காப்பீட்டு நிறுவனம் ஏற்றிச்சென்றவரிடம் பணத்தை வசூலிக்கும் உரிமையையே கெடுத்துவிடும். அந்த உரிமை கெட்டுப்போனால் உங்கள் க்ளெய்மில் கைவைக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். உடைந்ததை சர்வேயர் பார்க்கும் வரை தூக்கி எறியக் கூடாது. திருட்டோ விபத்தோ என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தேதிகளைப் பொறுத்தவரை, டிரான்ஸிட் பாலிசி முதல் பெட்டி படியிறங்கும் நாளுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். புதிய வீட்டின் பாலிசி பால் காய்ச்சும் நாளிலிருந்து தொடங்க வேண்டும். பழைய வீட்டுக்கு ஏற்கெனவே பாலிசி இருந்தால், கடைசிச் சாமான் வெளியேறும் வரை அதை நிறுத்தாமல் வைத்திருந்து, அதன் பிறகு முகவரி மாற்றத்துக்கு எழுதிக்கொடுத்து, புதிய முகவரி ஏறிய தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.